ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட் சுற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் ஆப்பிரிக்க கிளப் போட்டிகளின் பக்கம் வரும்போது, காலிறுதி நெருங்கியதும் ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்கிறார்கள். "ரெண்டு மேட்சும் டிரா, அப்புறம் எப்படி இவங்க உள்ளே போனாங்க?" என்பதுதான் அதில் அதிகம். அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் 2024-25 பருவம் வரை நடந்த ஆட்டங்களிலிருந்து எடுத்தவை.

இது நாடுகள் மோதுற ஆப்பிரிக்கக் கோப்பை தானே? சலா, மானே எல்லாம் ஆடுவாங்களே?

இல்லை, இது கிளப்களுக்கான போட்டி. எகிப்தின் அல் அஹ்லி, துனிசியாவின் எஸ்பெரான்ஸ், மொராக்கோவின் விதாத், தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸ் போன்ற அணிகள் ஆடுவது. கெய்ரோவைத் தலைமையகமாகக் கொண்ட ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்புதான் இரண்டையும் நடத்துகிறது, அதனால் குழப்பம் வருகிறது. நாடுகள் மோதும் கோப்பையில் ஐரோப்பாவில் ஆடும் நட்சத்திரங்கள் வருவார்கள். இங்கே ஆப்பிரிக்க மண்ணிலேயே வாரா வாரம் ஆடுகிற வீரர்களைப் பார்க்கலாம்.

நாக் அவுட் எங்கேயிருந்து ஆரம்பிக்குது?

குழுச் சுற்று முடிந்த பிறகு. 16 அணிகள், 4 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் காலிறுதிக்கு வருவார்கள். அப்புறம் அரையிறுதி, இறுதி. குழுச் சுற்றுக்கு முன்னால் நடக்கும் தகுதிச் சுற்றுகளும் தோற்றால் வெளியே என்ற முறையில்தான் நடக்கின்றன. ஆனால் நாக் அவுட் என்று ரசிகர்கள் சொன்னால் காலிறுதி முதல் இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் காலிறுதி ரொம்பப் பழையது இல்லை. குழுச் சுற்று 16 அணிகளாக விரிந்த 2017இல்தான் வந்தது. அதற்கு முன் 2001 முதல் குழுக்களிலிருந்து நேராக அரையிறுதி. 1997 முதல் 2000 வரை அதுகூடக் கிடையாது, இரண்டு குழுக்களின் முதலிட அணிகள் நேராக இறுதியில் மோதின.

காலிறுதியில யார் யாரோட மோதணும்னு எப்படி முடிவு பண்றாங்க?

குலுக்கல்தான். குழுவில் முதலிடம் பிடித்த நான்கு அணிகள் ஒரு பக்கம், இரண்டாமிடம் பிடித்த நான்கும் இன்னொரு பக்கம். ஒரே குழுவில் இருந்தவர்கள் காலிறுதியில் மறுபடி மோத மாட்டார்கள். ஒரே நாட்டு அணிகள் மோதத் தடை இல்லை. அரையிறுதியில் யார் யாருடன் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

குழுவுல முதலிடம் வந்தா என்ன லாபம்?

ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒன்று சொந்த மைதானத்தில்; ஒவ்வோர் ஆட்டத்தையும் லெக் என்பார்கள். முதலிடம் வந்தால் இரண்டாம் லெக் சொந்த மைதானத்தில் கிடைக்கும். முதல் ஆட்டத்தில் என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு, சொந்த ரசிகர்கள் முன்னால் கணக்கை முடிக்கலாம். பெரிய அனுகூலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் 2025 காலிறுதியைப் பாருங்கள். குழுவில் முதலிடம் பிடித்த சூடானின் அல் ஹிலால், ராபாத்தின் எஃப்ஏஆர், எஸ்பெரான்ஸ் மூவரும் வெளியேறினார்கள். தப்பித்தது ஓர்லாண்டோ பைரட்ஸ் மட்டும். இரண்டாமிடம் பிடித்து வந்த எகிப்தின் பிரமிட்ஸும் சன்டவுன்ஸும்தான் கடைசியில் கோப்பைக்கு மோதினார்கள். முதல் லெக்கைச் சொந்த ஊரில் ஆடி, கோல் வாங்காமல் ஒரு கோல் போட்டுவிட்டால், அடுத்த வாரம் பதற்றம் முழுக்க எதிரணிக்குத்தான். சன்டவுன்ஸ் எஸ்பெரான்ஸை வீழ்த்தியது அப்படித்தான்: சொந்த ஊரான பிரிட்டோரியாவில் 1-0, எஸ்பெரான்ஸின் ராடெஸ் மைதானத்தில் 0-0.

ரெண்டு மேட்சும் டிரா. அப்புறம் எப்படி ஒரு டீம் போச்சு?

அவே கோல் விதியால். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டுவார்கள். அதுவும் சமம் என்றால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவர் யார் என்று பார்ப்பார்கள். அவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.

2025 அரையிறுதி இதற்கு நல்ல உதாரணம். சன்டவுன்ஸும் அல் அஹ்லியும் பிரிட்டோரியாவில் 0-0. கெய்ரோவில் தாஹிர் முகமது அடித்த கோலால் அல் அஹ்லி 1-0 என்று முன்னிலை பெற்றுவிட்டது. அந்த நிலையில் சன்டவுன்ஸுக்கு வேண்டியது ஒரே ஒரு கோல். வெற்றிகூடத் தேவையில்லை, 1-1 ஆனாலே போதும். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அந்தக் கோல் விழுந்தது. மொத்தம் 1-1, ஆனால் சன்டவுன்ஸின் கோல் கெய்ரோவில் விழுந்தது, அல் அஹ்லி பிரிட்டோரியாவில் ஒன்றும் போடவில்லை. முந்தைய இரண்டு வருடமும் கோப்பை வென்ற அணி வீட்டுக்குப் போனது.

இதனால்தான் இந்தச் சுற்றுகளை 90 நிமிட ஆட்டங்களாகப் பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 180 நிமிடத்துக்கு ஒரே ஆட்டம் என்று வைத்துக்கொண்டால்தான், முதல் லெக்கில் சொந்த மைதானத்து அணி ஏன் அவ்வளவு அடக்கி வாசிக்கிறது என்பது புரியும். அங்கே வாங்கும் ஒரு கோல், மொத்தம் சமமாகும்போது கூடுதல் எடையோடு திரும்பி வரும்.

ஐரோப்பாவுல இந்த விதியைத் தூக்கிட்டாங்களே, இங்க ஏன் இன்னும் வெச்சிருக்காங்க?

ஐரோப்பா 2021இல் தூக்கியது. வெளியூரில் ஆடுவது இப்போது அவ்வளவு கஷ்டம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆப்பிரிக்காவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து கெய்ரோவுக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடல் மட்டத்தில் இருக்கும் தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலிருந்து கிளம்பி, 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பிரிட்டோரியாவில் போய் ஆட வேண்டும். பருவநிலை, ஆடுகளம், கூட்டம் எல்லாம் மாறும். அங்கே போய் ஒரு கோல் போடுவது இன்றைக்கும் பெரிய காரியம்தான்.

என் கருத்து: விதி இருக்கட்டும். முதல் லெக்குகள் மந்தமாகப் போகின்றன என்ற குறை நியாயமானது. ஆனால் இரண்டாம் லெக்கில், ஒரு கோலில் எல்லாம் தலைகீழாகும் அந்தக் கடைசி இருபது நிமிடத்துக்காகவே இதைப் பார்க்கலாம்.

சேம் சைடு கோலும் அவே கோலா கணக்கு வருமா?

வரும். யார் காலில் பட்டுப் போனது என்பது முக்கியம் இல்லை, எந்த அணிக்குக் கோல் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. இதில் சன்டவுன்ஸின் கதையைக் கேட்டால் நம்பவே மாட்டீர்கள். 2023 அரையிறுதியில் விதாதுடன் காசாபிளாங்காவில் 0-0. பிரிட்டோரியாவில் சன்டவுன்ஸ் இரண்டு முறை முன்னிலை பெற்றும், கடைசியில் மொதோபி ம்வாலா போட்ட சேம் சைடு கோலால் 2-2. அந்தப் பருவத்தில் அந்த அரையிறுதியின் இரண்டு லெக்கிலும் தோற்காமலே வெளியேறினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மேலே சொன்ன கெய்ரோ ஆட்டத்தில் அவர்களை இறுதிக்கு அனுப்பியதும் ஒரு சேம் சைடு கோல். அது அல் அஹ்லியின் யாசர் இப்ராஹிம் காலில் பட்டுப் போனது.

அவே கோலும் சமம்னா எக்ஸ்ட்ரா டைம் உண்டா?

காலிறுதியிலும் அரையிறுதியிலும் கிடையாது. இரண்டாம் லெக்கின் 90 நிமிடம் முடிந்ததும் நேராக பெனால்டி ஷூட் அவுட். 2023 காலிறுதியில் சிம்பா தாருஸ்ஸலாமில் 1-0 வென்றது, விதாத் காசாபிளாங்காவில் 1-0 வென்றது, நடுவர் விசில் ஊதியதும் பெனால்டி. 4-3 என்று விதாத் தப்பித்தது. 2024 காலிறுதியில் இரண்டு மோதல்களில் நான்கு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விழவில்லை. எஸ்பெரான்ஸ் அசெக் மிமோசாஸையும், சன்டவுன்ஸ் தான்சானியாவின் யங் ஆப்பிரிக்கன்ஸையும் (சுருக்கமாக யங்கா) பெனால்டியில் வீழ்த்தின.

பெனால்டியை மனதில் வைத்து ஆடிய பயிற்சியாளர்களும் உண்டு. 2004 இறுதியில் நைஜீரியாவின் எனியிம்பாவும் துனிசியாவின் எத்வால் டு சஹேலும் ஆளுக்கொரு 2-1. ஷூட் அவுட்டுக்கு முன்னால் எனியிம்பா தன் முதன்மை கோல்கீப்பர் வின்சென்ட் எனியாமாவையே வெளியே எடுத்துவிட்டு டெலே அயெனுக்பாவை இறக்கியது. 5-3 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

அந்த யங்கா மேட்ச்ல பந்து கோட்டைத் தாண்டுச்சே, வி.ஏ.ஆர். இருந்தும் ஏன் கோல் தரல?

முந்தைய பதிலில் சொன்ன 2024 காலிறுதிதான். பிரிட்டோரியாவில் யங் ஆப்பிரிக்கன்ஸின் ஸ்டெஃபான் அசீஸ் கீ தூரத்திலிருந்து அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து துள்ளியது. கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? வீடியோ நடுவர்கள் (வி.ஏ.ஆர்.) பார்த்தும் கோல் தரவில்லை. தந்திருந்தால், அவே கோல் விதிப்படி சன்டவுன்ஸ் அதன் பிறகு இரண்டு கோல் போட வேண்டியிருந்திருக்கும்.

பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியதை நொடியில் சொல்லிவிடும் கோல் லைன் தொழில்நுட்பம் அங்கே இல்லை. சாதாரண கேமரா கோணங்களை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும், தெளிவான ஆதாரம் இல்லையென்றால் மைதானத்து முடிவே நிற்கும். தொலைக்காட்சியில் பார்த்த எனக்கு அது கோல் மாதிரிதான் தெரிந்தது. இவ்வளவு பெரிய போட்டியில் காலிறுதி முதலாவது அந்த வசதியை வைக்க வேண்டும்.

2019 ஃபைனல் பாதியிலேயே நின்னுச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். விதாதும் எஸ்பெரான்ஸும். ராபாத்தில் முதல் லெக் 1-1. மே 31 அன்று ராடெஸில் யூசெஃப் பெலைலியின் கோலால் எஸ்பெரான்ஸ் 1-0 என்று முன்னே இருந்தது. பிற்பாதியில் விதாதின் வாலித் எல் கர்தி தலையால் முட்டிக் கோல் போட்டார். நடுவர் அதை ரத்து செய்தார். வி.ஏ.ஆரில் பாருங்கள் என்று விதாத் வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் கருவி வேலையே செய்யவில்லை என்பது வெளியே வந்தது. விதாத் தொடர்ந்து ஆட மறுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லோரும் மைதானத்தில் நின்றார்கள், கடைசியில் நடுவர் ஆட்டத்தை முடித்தார், எஸ்பெரான்ஸுக்குக் கோப்பை கொடுத்தார்கள்.

அதோடு முடியவில்லை. கூட்டமைப்பின் செயற்குழு, இரண்டாம் லெக்கைப் பொது மைதானத்தில் மறுபடி ஆடச் சொன்னது. எஸ்பெரான்ஸ், விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கும் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. அப்படி உத்தரவிடச் செயற்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று ஜூலை இறுதியில் தீர்ப்பு வந்தது. பின்னர் கூட்டமைப்பின் ஒழுங்கு அமைப்பும் எஸ்பெரான்ஸே சாம்பியன் என்றது.

அந்த வாலித் எல் கர்தியை மறக்காதீர்கள். 2025 இறுதியின் முதல் லெக்கில், பிரிட்டோரியாவில் சன்டவுன்ஸ் 1-0 என்று முன்னே இருக்க, கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் பிரமிட்ஸுக்காக 1-1 ஆக்கியவர் அவர்தான். இந்த முறை அந்தக் கோலை யாரும் ரத்து செய்யவில்லை. கெய்ரோவில் 2-1 வென்று பிரமிட்ஸ் முதல் முறையாகச் சாம்பியன் ஆனது.

ஃபைனல் ஒரே மேட்சா, ரெண்டா?

இப்போது இரண்டு. 2019 குழப்பத்துக்குப் பிறகு ஒரே ஆட்டமாக மாற்றினார்கள், மூன்று வருடம் அப்படி நடந்தது. 2020இல் கெய்ரோவில் அல் அஹ்லி, ஸமாலெக் மோதின. ஒரே நாட்டின் இரண்டு அணிகள் இறுதியில் சந்தித்தது அதுவே முதல் முறை. 86ஆவது நிமிடத்தில் அஃப்ஷா அடித்த கோலில் அல் அஹ்லி 2-1. 2021இல் காசாபிளாங்காவில் அல் அஹ்லி கைசர் சீஃப்ஸை 3-0 என்று வென்றது.

2022இல் பிரச்சினை வெடித்தது. இறுதி மறுபடி காசாபிளாங்காவில், அங்கே வந்து சேர்ந்தது அந்த ஊர் அணியான விதாத். அல் அஹ்லி நடுவர் மன்றம் வரை போயும் இடம் மாறவில்லை. ஸுஹைர் எல் முதாராஜியின் இரண்டு கோல்களில் விதாத் 2-0. ஒரு அணி தன் சொந்த மைதானத்தில், தன் ரசிகர்கள் முன்னால் ஒற்றை இறுதி ஆடியது நியாயம் இல்லை என்பதே என் எண்ணமும். 2023 முதல் மீண்டும் இரண்டு லெக் ஆனது.

சூடான் டீம் ஏன் மொரித்தேனியாவுல ஹோம் மேட்ச் ஆடுச்சு?

2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது, உள்நாட்டுக் கால்பந்து நின்றுபோனது. ஒம்துர்மானின் அல் ஹிலால் 2024-25இல் மொரித்தேனியா லீக்கில் விருந்தாளியாகச் சேர்ந்து ஆடியது. சாம்பியன்ஸ் லீக்கின் சொந்த மைதான ஆட்டங்களையும் தலைநகர் நுவாக்சோட்டில்தான் ஆடியது. அப்படியிருந்தும் மசெம்பே, யங் ஆப்பிரிக்கன்ஸ், எம்சி அல்ஜெர் இருந்த குழுவில் முதலிடம். காலிறுதியில் அல் அஹ்லியிடம் இரண்டு லெக்கிலும் 0-1. குழுவில் முதலிடத்துக்கான பரிசு இரண்டாம் லெக் சொந்த ஊரில் என்று மேலே சொன்னேன் அல்லவா, அவர்களுக்குச் சொந்த ஊரே இல்லாமல் போனது. அந்தப் பருவத்தில் நான் அதிகம் மனம் வைத்துப் பார்த்த அணி அதுதான்.

போர் இல்லாத நாடுகளிலும் இப்படி நடக்கும். மைதானம் கூட்டமைப்பின் தரத்துக்குத் தேறவில்லையென்றால் அணி வேறு ஊரிலோ பக்கத்து நாட்டிலோ ஆட வேண்டியதுதான்.

முதல் லெக்ல நாலு கோல் லீடு இருந்தா, ரெண்டாவது மேட்ச் பார்க்கணுமா?

கட்டாயம் பாருங்கள். 2021 காலிறுதியில் கைசர் சீஃப்ஸ் சிம்பாவை 4-0 என்று வென்றது, தாருஸ்ஸலாமில் 0-3 வாங்கி உயிர் தப்பியது. 2025இல் பிரமிட்ஸ் எஃப்ஏஆரை 4-1 என்று வென்றுவிட்டு, மொராக்கோவில் 0-2 தோற்று ஒரு கோல் வித்தியாசத்தில் தேறியது. அங்கே இன்னொரு கோல் விழுந்திருந்தால் 4-4, அவே கோலில் எஃப்ஏஆர் போயிருக்கும்.

தப்பிக்காதவர்களும் உண்டு. 2018 இறுதியில் அல் அஹ்லி 3-1 முன்னிலையோடு ராடெஸ் போய் 0-3 தோற்றது. ஒரு வருடம் முன்பு அதே அல் அஹ்லி, அரையிறுதியில் எத்வாலிடம் சூசாவில் 1-2 தோற்றுவிட்டு எகிப்தில் 6-2 என்று திருப்பிக் கொடுத்திருந்தது. 2019 காலிறுதியில் சன்டவுன்ஸ் அல் அஹ்லியைப் புரட்டியெடுத்த 5-0 மட்டும்தான் கவலையில்லாமல் தூங்கக்கூடிய முன்னிலை.

தோத்து வெளியே போன டீம் கப் ஜெயிச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன், அது எப்படி?

சன்டவுன்ஸ், 2016. குழுச் சுற்றுக்கு முந்தைய மோதலில் கின்ஷாசாவின் வீட்டா கிளப்பிடம் அவே கோலில் தோற்று வெளியேறிவிட்டார்கள். பிறகு வீட்டா தகுதியில்லாத வீரர் ஒருவரை இறக்கியது தெரிந்து அந்த அணி நீக்கப்பட்டது. சன்டவுன்ஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இறுதியில் ஸமாலெக்கை 3-0, 0-1 என்று வென்று முதல் கோப்பை.

இதைவிட விசித்திரம் 1967. கானாவின் அசாந்தே கொடோகோவும் இன்றைய மசெம்பேயும் (அப்போது பெயர் எங்கல்பேர்) 1-1, 2-2. மூன்றாவதாக ஒரு ஆட்டம் வைத்தார்கள். அந்தத் தகவல் கொடோகோவுக்குப் போய்ச் சேரவே இல்லை, அணி வரவில்லை, கோப்பை எங்கல்பேருக்குப் போனது. 1970 இறுதியில் அதே இரண்டு அணிகள். குமாசியில் 1-1, கின்ஷாசாவில் போய் கொடோகோ 2-1.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்?

2024-25இல் சாம்பியனுக்கு 40 லட்சம் டாலர், இரண்டாமிடத்துக்கு 20 லட்சம், அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 12 லட்சம், காலிறுதியில் தோற்றவர்களுக்கு 9 லட்சம். கூடவே கூட்டமைப்புக் கோப்பை (இதற்கு அடுத்த நிலை கிளப் போட்டி) சாம்பியனுடன் சூப்பர் கோப்பை ஆட்டம், மற்ற கண்டங்களின் சாம்பியன்களோடு மோத வாய்ப்பு. காலிறுதியில் தோற்றால் கூட்டமைப்புக் கோப்பைக்கு இறங்கிப் போகும் வழி எல்லாம் கிடையாது.

எப்பவும் வட ஆப்பிரிக்கா டீம்தான் ஜெயிக்குதே?

பெரும்பாலும் ஆமாம். 2025 வரை எகிப்துக்கு மட்டும் 19 கோப்பைகள், அதில் அல் அஹ்லிக்கு 12. பணம், மைதானம், வீரர்களை நல்ல சம்பளத்தில் தக்கவைக்கும் வசதி எல்லாம் அங்கே இருக்கிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் திறமைக்குப் பஞ்சம் இல்லை, இருபது வயதுக்குள் வெளிநாடு போய்விடுகிறார்கள். முதல் கோப்பையை வென்றது கேமரூனின் ஓரிக்ஸ் துவாலா. 1970களில் கினியாவின் ஹாஃபியா மூன்று முறை வென்றது. கடைசியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கோப்பை போனது எனியிம்பா வென்ற 2004இல்.

சரி, கடைசியா ஒண்ணு. முதல் லெக் சொந்த மைதானத்துல 0-0. இப்ப யாருக்குச் சாதகம்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கணக்குப்படி, வெளியூர் போகும் அணிக்குக் கோல் விழுந்த எந்த டிராவும் போதும். 1-1, 2-2 எதுவானாலும் அவர்கள்தான். சொந்த மைதானத்து அணி வென்றே ஆக வேண்டும், அல்லது இன்னொரு 0-0 வைத்து பெனால்டிக்குப் போக வேண்டும். மேலே பார்த்த 2023 விதாதும் 2025 சன்டவுன்ஸும் இப்படித்தான் போனார்கள்.

அதே சமயம், 2024 அரையிறுதியில் மசெம்பே சொந்த ஊரில் 0-0 வைத்துவிட்டு கெய்ரோவில் 0-3. அந்த வருட இறுதியில் எஸ்பெரான்ஸ் ராடெஸில் 0-0 வைத்துவிட்டு, கெய்ரோவில் நாலாவது நிமிடத்திலேயே வாங்கிய சேம் சைடு கோலில் தோற்றது. 2025இல் பைரட்ஸ் ஜோகன்னஸ்பர்கில் 0-0, கெய்ரோவில் இரண்டு கோல் போட்டும் 2-3. ஆகவே 0-0 முடிந்ததும் இரண்டாம் லெக் எங்கே என்று பாருங்கள். கெய்ரோ என்றால் நான் சொந்த மைதானத்து அணியின் பக்கம்தான் சாய்வேன்.